அவுஸ்திரேலிய ஓபன் பார்க்கப் போறவைக்கு: கிரவுண்ட் பாஸா, ரோட் லேவர் கதிரையா?

ராகவி_06

எல்லாருக்கும் வணக்கம். வாற ஜனவரி மெல்பேர்ணில் அவுஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து நாலு பேர் போகப் போறம். நானும் கணவரும், டென்னிஸ் பழகுற 11 வயது மகன், 70 வயது அப்பா. தங்குறது க்ளென் வேவர்லியில் சித்தி வீட்டில. மைதானத்துக்கு ஐந்து நாள் ஒதுக்கலாம்.

எந்த நாட்கள் நல்லம்? என்ன டிக்கெட், எப்ப வாங்கிறது? ஐந்து நாளும் பிரதான அரங்கான ரோட் லேவருக்கு எடுக்கக் காசு காணாது. அப்பாவுக்குக் கனநேரம் வெயிலில் இருக்கவும் ஏலாது. போய்ப் பார்த்துப் பழகின ஆக்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

இரண்டாவது_சேர்வ்

தங்கச்சி, முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கோ. டிக்கெட் அதுக்குப் பிறகு.

ஒற்றையர் பிரதான சுற்றில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். அப்ப முதல் சுற்றில மட்டும் 128 ஆட்டம். 2024 இலிருந்து போட்டி ஞாயிற்றுக்கிழமை தொடங்குது. அந்த 128 ஆட்டமும் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளுக்குள்ள முடிய வேணும், அதாவது நாளுக்கு நாற்பதுக்கு மேல. புதனும் வியாழனும் இரண்டாம் சுற்று, நாளுக்கு 32. வெள்ளி, சனி மூன்றாம் சுற்று, நாளுக்கு 16. இரண்டாவது கிழமை காலிறுதிக்கு வரேக்க ஒற்றையர் ஆட்டம் நாளுக்கு நாலுதான், அதுவும் பெரிய அரங்கில. கிரவுண்ட் பாஸ்காரருக்கு, அதாவது பெரிய அரங்கில கதிரை இல்லாமல் மைதானத்துக்குள்ள போற டிக்கெட் வைச்சிருக்கிறவைக்கு, அந்த நேரம் மிஞ்சுறது இரட்டையர், கலப்பு இரட்டையர், இளையோர், சக்கர நாற்காலிப் போட்டிகள். அவையும் நல்ல ஆட்டங்கள்தான், ஆனால் முதல் தடவை போற குடும்பத்துக்கு நான் முதல் ஞாயிறு தொடக்கம் வியாழன் வரைதான் சொல்லுவன். ஐந்து நாளும் அதிலயே போகட்டும்.

கிரவுண்ட் பாஸ் எடுத்தால் ரோட் லேவர், மார்கரெட் கோர்ட் இரண்டு அரங்கும் தவிர மற்ற கோர்ட்டுகளுக்குப் போகலாம். கியா அரங்கும், ஜோன் கெயின் அரங்கில முன்பதிவில்லாத பகுதியும் அதுக்குள்ள வரும். ஜோன் கெயினில கிட்டத்தட்ட 10,500 பேர் இருக்கலாம், முன்னணி வீரர்களும் அங்க ஆடுவினம். முன்பதிவுக் கதிரைக்கும் திறந்த கதிரைக்கும் எல்லை எதில எண்டதை அந்தந்த வருட இருக்கை வரைபடத்தில பாருங்கோ, அது மாறுறது.

மகன் டென்னிஸ் பழகுறவர் எண்டால் வெளிக் கோர்ட்டுகளுக்கு ஈடே இல்லை. ரோட் லேவரில 15,000 பேருக்குக் கிட்ட இருக்கலாம். மேல்தட்டில இருந்தால் பந்து எங்க விழுது எண்டு தெரியும், எவ்வளவு பாரமாய் வருது எண்டு தெரியாது. வெளிக் கோர்ட் ஒன்றில முன்வரிசையில, பேஸ்லைன் (கோர்ட்டின்ர பின்கோடு) மூலையில இருக்கச் சொல்லுங்கோ. கிக் சேர்வ் தரையில பட்டு எதிராளியின்ர தோளுக்கு மேல எழும்புறது, பந்து மட்டையில படுறதுக்கு ஒரு கணம் முதல் இரண்டு காலும் சேர்ந்து மெல்லத் துள்ளுறது, ஒவ்வொரு புள்ளிக்கு முதலும் வீரர் நாலைந்து பந்தை வாங்கிப் பார்த்து மயிர் எழும்பாத இரண்டைத் தெரிஞ்சு மற்றதைத் திருப்பி அனுப்புறது, எல்லாம் பத்தடி தூரத்தில. தொலைக்காட்சியில இது ஒன்றும் பிடிபடாது.

நேரத்தோட போக முடிஞ்சால் இன்னொரு வழியும் இருக்கு. பிரதான போட்டிக்கு முந்தின கிழமை தகுதிச்சுற்று. எங்கட தைப்பொங்கல் வாற நாட்களை ஒட்டித்தான் வரும். ஆண்களிலும் பெண்களிலும் 128 பேர் வீதம் ஆடி, மூன்று சுற்று வென்ற 16 பேர் வீதம் பிரதான சுற்றுக்குப் போவினம். டிக்கெட் மலிவு, சனம் குறைவு, முன்னணி வீரர்களின்ர பயிற்சியையும் பக்கத்தில நின்று பார்க்கலாம். ஐந்து நாளில ஒரு நாளை இதுக்கு மாற்றினாலும் நட்டமில்லை.

கொட்டாஞ்சேனை_13

சேர்வ் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் 70 வயது அப்பாவை வைத்துக்கொண்டு ஐந்து நாளும் கிரவுண்ட் பாஸ் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த டிக்கெட்டில் உங்களுக்கென்று ஒரு கதிரையும் இல்லை. நல்ல ஆட்டம் நடக்கிற வெளிக் கோர்ட்டின் வாசலில் அரை மணி, ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டி வரும். பல கோர்ட்டுகளில் முதுகு சாயாத பெஞ்சுதான், மேலே கூரை கிடையாது.

அப்பாவுக்கு இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளுக்கும் பகல் நேர முன்பதிவுக் கதிரை எடுங்க. ரோட் லேவர் விலை கூடினால் மார்கரெட் கோர்ட் அரங்கு. 7,500 பேர் அளவான அரங்கு, எந்தக் கதிரையிலிருந்தும் கோர்ட் கிட்டத் தெரியும். முக்கியமான விஷயம், இந்த அரங்குகளுக்குப் பகல் டிக்கெட் வைத்திருப்பவர் வெளிக் கோர்ட்டுகளுக்கும் போகலாம். அப்பா கதிரையில் இருக்கட்டும், நீங்கள் மகனோடு ஒரு ஆட்டம் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

2024 இலிருந்து ரோட் லேவரிலும் மார்கரெட் கோர்ட்டிலும் பகல் அமர்வில் குறைந்தது இரண்டு ஆட்டம்தான் உறுதி, முந்தி மூன்று. இரவு நீண்டு போவதைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். பெண்கள் ஆட்டம் இரண்டு செட்டில் முடிந்துவிட்டால் கொடுத்த காசுக்கு அரங்கில் பார்த்தது குறைவு என்று தோன்றும். அதனால் மிச்ச நேரத்தை வெளிக் கோர்ட்டுக்கு என்று முன்பே திட்டமிட்டுக்கொள்ளுங்க.

டிக்கெட் வாங்கும் முறைக்கு வருகிறேன். விற்பனை வழக்கமாக ஒக்டோபரில், டிக்கெட்மாஸ்டர் வழியாக. மெல்பேர்ணில் ஒக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், பிறகு ஐந்தரை. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே விடிய 4.30. இதைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் பிந்தி வருகிறவர்கள் நிறைய.

அடுத்த இடறல் காட். இங்குள்ள வங்கி காட்டுகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு ஆரம்பத்தில் நிறுத்தித்தான் இருக்கும், அல்லது சிறிய எல்லை வைத்திருப்பார்கள். விற்பனைக்கு ஒரு கிழமை முன்னமே வங்கியோடு கதைத்து அதைத் திறந்து, எல்லையையும் கூட்டிவையுங்க. நாலு பேருக்கு டிக்கெட் என்றால் ஒரே தடவையில் பெரிய தொகை போகும். கடைசிப் படியில் ஓடிபி உங்கள் இலங்கை இலக்கத்துக்கு வரும். அந்த சிம் போட்ட போன் கையில், சிக்னல் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். கூடையில் டிக்கெட் நிற்பது சில நிமிஷம்தான், ஓடிபி பிந்தினால் கதிரை போய்விடும். டொலர் விலையோடு வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் சேர்க்கும், அதையும் கணக்கில் வையுங்க.

விசாவையும் டிக்கெட்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீங்க. டிக்கெட் இருக்கிறது என்பதற்காக யாரும் விசா தருவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு 600 வகை வருகையாளர் விசா. வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், விடுமுறைக் கடிதம், சித்தியின் அழைப்புக் கடிதம் எல்லாம் சேர்த்து செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. டிசம்பரில் விடுமுறை நெரிசல். விசா பிந்தினால் டிக்கெட்டை அதிகாரபூர்வ மறுவிற்பனையில் போடலாம். நீங்கள் வாங்குவதற்கும் அந்த ஒரு வழியை மட்டும் நம்புங்க. வெளித் தளங்களில் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வருவது வாசலில் வேலை செய்யும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

நிழல்பக்கம்

கதிரை தெரிவு செய்யும்போது விலையோடு திசையையும் பாருங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஜனவரியில் கொழும்பில் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். மெல்பேர்ணில் அது வடக்கே நிற்கும். கோர்ட்டுகள் வடக்குத் தெற்காகப் போட்டிருப்பதால் வடக்கு முனையில் இருப்பவருக்கு வெயில் முதுகுப் பக்கம், தெற்கு முனையில் இருப்பவருக்கு முகத்தில். பின்னேரம் சூரியன் மேற்கே இறங்கும். மேற்குப் பக்கக் கதிரைகளுக்கு முதலில் நிழல் வரும், கிழக்குப் பக்கத்தார் கடைசி வரைக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆகவே அப்பாவுக்கு மேற்குப் பக்கம், அதிலும் வடக்கு மூலையை ஒட்டி, மேல் வரிசைகளில் எடுங்கள். கீழ் வரிசைக்கு நிழல் வரப் பிந்தும்.

அங்கே கோடையில் கடிகாரம் ஒரு மணி முன்னுக்கு ஓடுவதால் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1.30 அளவில். வெக்கை கூடுவது 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். இருட்ட 9 மணி ஆகும். நம் ஊர்ப் பழக்கத்தில் நாலரை மணிக்கு வெயில் தணிந்துவிடும் என்று வெளியே வந்தால் அப்போதுதான் சுடும்.

இன்னொன்று, வியர்ப்பது தெரியாது. கொழும்பு ஈரக் காற்றில் சட்டை நனைவதைப் பார்த்து நாமே தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பில் நீர் இறங்குவது தெரியாது. மணிக்கு அரை லீட்டர் என்று கணக்கு வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இதய, சிறுநீரக மருந்து ஏதும் இருந்தால் இந்த அளவைப் போகுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். மைதானத்தில் தண்ணீர் நிரப்பும் குழாய்கள் இருக்கின்றன, வெறும் பிளாஸ்டிக் அல்லது உலோகப் போத்தல் போதும். ஜனவரியில் அங்கே புற ஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டும். எஸ்பிஎஃப் 50 கிறீமை இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசவேண்டும். நமக்குக் கறுத்த தோல், தேவையில்லை என்று விட்டால் பின்கழுத்தும் காதும் எரியும். விளிம்பு அகன்ற தொப்பிதான் எடுக்க வேண்டும், ஆனால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கிற அளவுக்குப் பெரிதாக வேண்டாம்.

வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் வரும். 2014 இல் தொடர்ந்து நான்கு நாள் 41 பாகைக்கு மேல் போனது. 2019 இலிருந்து வெப்ப அழுத்த அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள், 1 முதல் 5 வரை. காற்றின் வெப்பம், வெயிலின் நேரடிச் சூடு, ஈரப்பதன், காற்று வேகம் நான்கையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். 5 ஐத் தொட்டால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நிற்கும், கூரை உள்ள அரங்குகளில் கூரையை மூடிவிட்டுத் தொடர்வார்கள்.

அந்த மூன்று கூரைகளை மனதில் வையுங்கள்: ரோட் லேவர், மார்கரெட் கோர்ட், ஜோன் கெயின். மழை வந்தாலும் இவை மூன்றில் மட்டும்தான் ஆட்டம். கிரவுண்ட் பாஸ்காரர் போகக்கூடிய கூரை ஜோன் கெயின் ஒன்றுதான், அதனால் முதல் துளி விழுந்ததும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஓடுவார்கள். காலையிலேயே அவுஸ்திரேலிய வானிலைத் திணைக்கள ராடாரைப் பார்த்து, மேற்கிலிருந்து மேகம் வருகிறதென்றால் அரை மணி முன்னமே உள்ளே போய் இருங்கள்.

கடைசியாக, தெற்குக் காற்று திரும்பினால் அரை மணிக்குள் 15 பாகை இறங்கும். காலை 38 பாகை என்றாலும் ஆளுக்கொரு மெல்லிய ஜக்கெட் பையில் இருக்கட்டும்.

மெல்பேர்ண்_தமிழ்

க்ளென் வேவர்லி நல்ல வசதி அக்கா. அந்த ரயில் பாதை ரிச்மண்ட் ஊடாகப் போகுது. ரிச்மண்டில இறங்கி நடந்தால் மைதானத்தின்ர கிழக்குப் பக்கம், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அப்பாவுக்கு நடை கஷ்டம் எண்டால் ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் வரை போய் 70 ஆம் இலக்க ட்ராம் எடுங்கோ. போட்டி நாட்களில டிக்கெட் உள்ளவைக்கு நகரத்துக்கும் மைதானத்துக்கும் இடையில அந்த ட்ராம் இலவசம். ரயிலுக்கு மைக்கி எண்ட பயண அட்டை வேணும், ஆளுக்கொரு காட்.

டண்டெனோங் பக்கம் தங்குற ஆக்கள் இதை வாசிச்சால் ஒரு மாற்றம் சொல்லுறன்: 2026 பெப்ரவரியிலிருந்து பாக்கென்ஹாம், கிரான்போர்ன் ரயில்கள் புதிய சுரங்கப்பாதையால போகுது, ரிச்மண்டில நிக்காது. கோல்ஃபீல்டில இறங்கி ஃப்ராங்ஸ்டன் பாதை ரயிலுக்கு மாற வேணும், இல்லாட்டி டவுன் ஹோல் நிலையத்தில இறங்கி ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து ட்ராம் எடுக்க வேணும். சொந்தக்காரர் பழைய நினைவில "ரிச்மண்டில இறங்கு" எண்டுவினம்.

சாப்பாடு: வெளியிலிருந்து கொண்டு போகலாம். சித்தி கட்டித் தாற புளிச்சாதம், ரொட்டி, சான்ட்விச் எல்லாம் உள்ள விடுவினம். கண்ணாடிப் போத்தலும் மதுபானமும் விடமாட்டினம். உள்ள எல்லாம் காட்தான், காசுத் தாள் வாங்கமாட்டினம். வாசலில பையைத் திறந்து சோதிப்பினம், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன மெல்லிய பை எண்டால் வரிசை சுருக்கமாய்ப் போகும்.

இலங்கையிலிருந்து கொண்டு வாற சாப்பாட்டுச் சாமான் வேற கதை. மாசி, கருவாடு, விதை, பால் இனிப்பு எதுவெண்டாலும் விமான நிலையப் படிவத்தில எழுதுங்கோ. எழுதிக் காட்டினால் கூடினது எறிவினம், ஒளிச்சால் அந்த இடத்திலயே தண்டம்.

டிக்கெட் போனிலதான் இருக்கும். வாசலில ஒரே நேரத்தில ஆயிரம் பேர் இணையத்தைத் திறக்க அது இழுபடும். முதல் நாள் இரவே டிக்கெட்டைப் போன் வொலட்டில ஏற்றி வையுங்கோ, ஸ்கிரீன்ஷொட்டை நம்ப வேண்டாம். ஒரு ஆளின்ர போனில நாலு டிக்கெட்டும் இருந்தால் நாலு பேரும் சேர்ந்துதான் உள்ள போகலாம், பிறகு பிரிஞ்சு போனால் அரங்கு வாசலில மற்றவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வாங்கினவுடனேயே மற்றவைக்கு மாற்றி அனுப்பிவிடுங்கோ.

ராகவி_06

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஆர் எந்தக் கோர்ட்டில எத்தனை மணிக்கு எண்டு எப்படித் தெரியும்? ஆட்டம் நடக்கேக்க உள்ள போகேலாதாமே, அது உண்மையா?

இரண்டாவது_சேர்வ்

ஆட்ட ஒழுங்கு முதல் நாள் பின்னேரம் போட்டியின்ர செயலியில வரும். அதில ஒவ்வொரு கோர்ட்டிலும் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் நேரம் உறுதி, வெளிக் கோர்ட் எண்டால் காலை 11 மணி. மற்றதெல்லாம் முந்தினது முடிய முடியத்தான். "இத்தனை மணிக்கு முன் இல்லை" எண்டு போட்டிருந்தால் அந்த நேரத்துக்குத் தொடங்கும் எண்டு அர்த்தமில்லை, அதுக்கு முதல் தொடங்காது, அவ்வளவுதான். பெண்கள் ஆட்டம் மூன்றில் இரண்டு செட், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஆண்கள் ஐந்தில் மூன்று, இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம் எண்டு போடுங்கோ, கூடவும் போகும். இதைக் கூட்டிப் பார்த்தால் நாலாவது ஆட்டம் எப்ப வரும் எண்டு ஓரளவு பிடிக்கலாம்.

வெளிக் கோர்ட்டில ஒரு நல்ல ஆட்டம் பார்க்க வேணும் எண்டால், அதுக்கு முந்தின ஆட்டத்தின்ர கடைசி செட்டுக்கே உள்ள போய் இருங்கோ. ஆட்டம் முடிய அரைவாசிச் சனம் எழும்பும், அப்ப நீங்கள் முன்னுக்கு நகரலாம். தொடங்கின பிறகு வாறவர் வாசலிலதான் நிற்பார். கடைசி வரிசைப் பெஞ்சில நின்றால் பக்கத்துக் கோர்ட்டையும் எட்டிப் பார்க்கலாம்.

உள்ள போறது பற்றி: புள்ளி நடக்கேக்க ஆரும் அசையக்கூடாது. பொதுவான முறை, வீரர்கள் பக்கம் மாறி இருக்கேக்க விடுவினம், அது 90 வினாடி, செட் முடிவில 120 வினாடி. அவுஸ்திரேலிய ஓபனில 2024 இலிருந்து ஒவ்வொரு கேம் முடியவும் விடுகினம். ஆனால் டை-பிரேக் (6-6 எண்டு சமனானால் செட்டை முடிவாக்க ஆடுறது) தொடங்கிவிட்டால் கதவு திறக்காது, அதால 5-5 எண்டு வந்தால் கழிவறைக்குப் போகாதேங்கோ. கடைசி செட் 6-6 எண்டால் 10 புள்ளி டை-பிரேக், கிராண்ட்ஸ்லாம் எண்ட மிகப் பெரிய நாலு போட்டியிலும் 2022 இலிருந்து இதுதான்.

பந்து எறிஞ்சு சேர்வ் போடப் போறவருக்குக் குழந்தையின்ர சத்தமும் போன் சத்தமும் நேரே கேட்கும். முதல் சேர்வ் பிழைச்சால் கை தட்டக்கூடாது எண்டு மகனுக்குச் சொல்லி வையுங்கோ, அது எதிராளியின்ர பிழைக்குச் சந்தோசப்படுறது மாதிரிப் போயிடும். புதுப் பந்து வரேக்க சேர்வ் போடுறவர் பந்தைத் தூக்கி எதிராளிக்குக் காட்டுவார், முதல் 7 கேமுக்குப் பிறகு, பிறகு ஒவ்வொரு 9 கேமுக்கும். புதுப் பந்து கொஞ்சம் வேகமாய்ப் பறக்கும், சேர்வ் பலமானவர் அந்த கேமில என்ன செய்யிறார் எண்டு மகனைப் பார்க்கச் சொல்லுங்கோ.

பயிற்சிக் கோர்ட்டுகளையும் விடாதேங்கோ. பெரிய அரங்கில மட்டும் ஆடுற முன்னணி வீரரைக் கிரவுண்ட் பாஸோட கிட்டப் பார்க்கிற இடம் அதுதான். தங்கட ஆட்டம் இல்லாத நாளில ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அடிப்பினம்.

பம்பலப்பிட்டி_சுதா

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். நாங்கள் விம்பிள்டன் யோசிக்கிறோம், டிக்கெட் குலுக்கலில் விழவில்லை. வரிசையில் நின்று எடுக்கலாம் என்கிறார்களே, குடும்பமாக அது சரிவருமா?

புல்தரை

சரிவரும் சுதா, ஆனால் விதிகளை அப்படியே பின்பற்ற வேண்டும். விம்பிள்டன் பார்க் புல்வெளியில் வரிசை. இறங்க வேண்டிய நிலையம் சவுத்ஃபீல்ட்ஸ், பெயரைப் பார்த்து விம்பிள்டனில் இறங்கினால் தூரம் கூட. போனதும் இலக்கமிட்ட வரிசைச் சீட்டு ஒன்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தருவார்கள். ஒருவர் நின்று நாலு பேருக்கு எடுக்க முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட். சாப்பிட, கழிவறைக்கு என்று போனால் 30 நிமிஷத்துக்குள் திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு நாளும் சென்டர் கோர்ட், 1 ஆம் கோர்ட், 2 ஆம் கோர்ட் மூன்றுக்கும் ஏறக்குறைய 500 டிக்கெட் வீதம் வரிசைக்கென்று ஒதுக்குகிறார்கள். சென்டர் கோர்ட்டுக்குக் கடைசி நான்கு நாள் மட்டும் இல்லை. இவற்றுக்கு முதல் நாளே போய்க் கூடாரம் போட வேண்டும், ஒரு கூடாரத்துக்கு இரண்டு பேர்தான். விடிய எழுப்பி, கூடாரத்தை மடித்துப் பொருள் வைப்பகத்தில் கொடுக்கச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு அது வேண்டாம் என்றால் கிரவுண்ட் பாஸுக்கு விடியற்காலையில் போனால் போதும். பை ஆளுக்கு ஒன்று, 40, 30, 30 சென்ரிமீட்டருக்குள்.

உள்ளே போனவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பெரிய கோர்ட்டுகளிலிருந்து நேரத்தோடு கிளம்புகிறவர்களின் டிக்கெட்டைப் பின்னேரத்தில் குறைந்த விலைக்கு மறுபடி விற்கிறார்கள், காசு அறக்கொடைக்குப் போகும். அதற்கு விம்பிள்டன் செயலியில் வரிசை எடுக்க வேண்டும். ஆகவே போனில் இணையமும் சார்ஜும் இருக்க வேண்டும். சென்டர் கோர்ட் ஆட்டம் தொடங்குவதே 1.30 க்கு, இரவு 11 மணி வரை போகலாம் என்பதால் பின்னேர டிக்கெட்டிலும் முழு ஆட்டம் ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது கிழமை போகிறீர்கள் என்றால் இளையோர் போட்டியைக் கட்டாயம் பாருங்கள். இந்திய வீரர் இராமநாதன் கிருஷ்ணன் 1954 இலும் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979 இலும் வென்ற பட்டம் அது. அந்தக் கோர்ட்டுகளில் இடம் தாராளமாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை_13

சுதா, இவ்வளவு செலவுக்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்முறைப் போட்டியைக் காட்ட வேண்டும் என்றால் சென்னையையும் பாருங்க. நுங்கம்பாக்கம் அரங்கில் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 (மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒரு தரம்) போட்டி 2022 இலும் 2025 இலும் நடந்தது. இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஒற்றையரில் 32 பேர்தான், சின்னப் போட்டி, அதனால் வீராங்கனைகளை மிகக் கிட்டப் பார்க்கலாம். 2025 இல் ஒக்டோபர் கடைசியில் வைத்தார்கள், அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கூரையும் இல்லை. மறுபடி அந்த நேரத்தில் வைத்தால் திரும்பும் விமானத்தை இரண்டு நாள் பிந்திப் போடுங்க.

ராகவி_06

இப்படி யோசிக்கிறம்: ஞாயிறு, திங்கள், வியாழன் நாங்கள் மூன்று பேரும் கிரவுண்ட் பாஸ். செவ்வாய் நாலு பேருக்கும் மார்கரெட் கோர்ட் பகல். புதன் நாலு பேருக்கும் ரோட் லேவர் இரவு. சரியா?

மெல்பேர்ண்_தமிழ்

புதன் இரவைத்தான் மாற்றச் சொல்லுவன். இரவு அமர்வு 7 மணிக்கு, பகல் ஆட்டம் இழுபட்டால் அதுவும் பிந்தும், டிக்கெட் கையில இருந்தும் வெளியில நிற்க வேண்டி வரும். இரண்டாவது ஆட்டம் ஆண்களுடையது எண்டால் நள்ளிரவைத் தாண்டுறது சாதாரணம். 2023 இல வீரர்கள் மரேயும் கொக்கினாக்கிஸும் ஆடினது விடிய 4.05 க்கு முடிஞ்சது. ரயில் இரவு முழுக்க ஓடுறது வெள்ளி, சனி இரவுகளில மட்டும்தான். புதன் இரவு ரயில் தவறினால் க்ளென் வேவர்லிக்கு வாடகைக் காரில நல்ல காசு போகும். அப்பாவோட போறதெண்டால் வெள்ளி இரவுக்கு மாற்றுங்கோ, அல்லது முதல் ஆட்டம் முடியக் கிளம்பிடுறது எண்டு முதலே முடிவெடுங்கோ.

நிழல்பக்கம்

செவ்வாய்க்கு மேற்குப் பக்கம் எடுக்க மறக்காதீர்கள். வரிசை இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் படிகளையும் எண்ணுங்கள். மேல் வரிசைக்கு நிழல் உண்டு, ஆனால் ஏற வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் பிரச்சினை இருந்தால் நடைபாதை வாசலை ஒட்டிய முதல் சில வரிசைகளில், ஓரக் கதிரையாகத் தேடுங்கள்.

இரண்டாவது_சேர்வ்

திட்டம் நல்லம். மகனுக்கு ஒன்று மட்டும். பெரிய டென்னிஸ் பந்தும் கறுப்பு மார்க்கர் பேனையும் கொண்டு போங்கோ. மைதானக் கடையில பந்து விலை கூட. கையெழுத்து வாங்க ஆட்டம் முடிஞ்ச பிறகு ஓடினால் இடம் கிடைக்காது. கடைசி செட்டில வெல்லுறவர் 5-2, 5-3 எண்டு வரேக்கயே வீரர்கள் வெளியேறுற பக்கத்து மூலைக்குக் கிட்டக் கதிரை மாறி இருக்கட்டும். வென்றவர் பையைத் தூக்கிக்கொண்டு போற வழியில இரண்டு மூன்று நிமிஷம் நிற்பார். பேனை மூடியை முதலே கழற்றி, பந்தைத் தடுப்புக்கு மேலால நீட்டிப் பிடிக்க வேணும். தோற்றவரிட்டக் கேட்க வேண்டாம், அவர் நேரே போகட்டும்.